ஜீப்பும் அதன் ஆயில் கணக்கும்

பழைய ஜீப் ஒன்று மலைப்பாதையில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவர்கள் உடனே சொல்வது, "அந்தக் காலத்து இரும்பு அப்படி" என்பதுதான். கேட்பவர்களும் தலையாட்டிவிடுவார்கள். அந்தப் பேச்சில் வண்டியைச் செய்த ஆலைக்குப் பெருமை சேர்கிறது. அதன் அடியில் மல்லாந்து படுத்து, நட்டைக் கழற்றி, கறுத்த எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றியவர்களுக்கு எதுவும் சேர்வதில்லை. ஜீப்பின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. அந்த வண்டியின் இரும்பில் பெரிய விசேஷம் எதுவும் இல்லை. எந்த எண்ணெயை, எத்தனை மைலுக்கு ஒருமுறை, யார் மாற்றுவது என்று வண்டியோடு சேர்த்தே எழுதிவைத்த ஒரு முறைதான் அதற்கு ஆயுளைக் கொடுத்தது. அமெரிக்க ராணுவத்தில் பிறந்த அந்த முறை, போரோடு இந்தியாவுக்கு வந்து, அரசு அலுவலகத்தின் லாக் புக்கிலும் ஊர்ப் பட்டறைகளின் பழக்கத்திலும் இறங்கியது. ஜீப்பின் கதையை ஆலையிலிருந்து தொடங்காமல் ஆயில் கேனிலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

முதலில் இரும்பைப் பார்த்துவிடலாம். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வேண்டும். மாதிரி வண்டி 49 நாளிலும், மொத்தம் 70 வண்டிகள் 75 நாளிலும் வந்தாக வேண்டும். எடை 1,300 பவுண்டு, அதாவது 590 கிலோவைத் தாண்டக் கூடாது. அமெரிக்கன் பான்டம் என்ற சிறிய கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியாளரை வைத்து அவசர அவசரமாக வரைந்து, செப்டம்பர் 23ஆம் தேதி மாதிரி வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகளும் களத்தில் இறங்கின. கேட்ட எடையை யாராலும் எட்ட முடியவில்லை. கடைசியில் வந்த வில்லிஸ் எம்.பி. ஏறக்குறைய 1,100 கிலோ. அதன் இன்ஜினும் புதிதாகப் பிறந்ததல்ல. வில்லிஸ் காரில் 48 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்த இன்ஜினை பார்னி ரூஸ் என்பவர் பல வருடம் திருத்தித் திருத்தி 60 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்திருந்தார். கியர் பாக்ஸும் ஆக்ஸிலும் அந்தத் தொழிலில் ஏற்கனவே இருந்த கம்பெனிகளிடம் வாங்கியவை. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளை இறக்கின. அவசரமாக வரைந்து, எடையைக் குறைப்பதற்காகவே போராடி, கடையில் கிடைத்த பாகங்களைக் கோத்து, லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளிய வண்டி அது. தலைமுறைக்கு நிற்கவேண்டும் என்று நினைத்து யாரும் அதைச் செய்யவில்லை.

செய்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது என்பதற்கு, வண்டியோடு வந்த புத்தகமே சாட்சி. 1944 பிப்ரவரியில் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட டி.எம். 9-803 என்ற கையேட்டில், ஓட்டுவது பற்றிச் சொல்வதைவிடப் பார்த்துக்கொள்வது பற்றித்தான் அதிகம் இருக்கிறது. வண்டியை எடுக்குமுன் என்ன பார்க்கவேண்டும், ஓடும்போது எதைக் கவனிக்கவேண்டும், நிறுத்திய இடத்தில் எதைத் தொட்டுப் பார்க்கவேண்டும், ஓட்டம் முடிந்தபின் என்ன, வாரத்துக்கு ஒருமுறை என்ன என்று டிரைவருக்கே தனித்தனியாக வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணெயும் கிரீஸும் எங்கெங்கே போடவேண்டும் என்பதற்கு அட்டவணை: சில இடங்களுக்கு நாள்தோறும், சிலவற்றுக்கு வாரந்தோறும், சிலவற்றுக்கு 1,000 மைல், சிலவற்றுக்கு 6,000 மைல். புழுதியிலும் தண்ணீரிலும் ஓடினால் இந்தக் கணக்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பராமரிப்பைப் பல படிகளாகப் பிரித்த ராணுவம், முதல் படியை மெக்கானிக்கிடம் கொடுக்காமல் டிரைவரிடம் கொடுத்தது. இதுதான் பெரிய மாற்றம். இதை வீரர்கள் மனதில் பதியவைப்பதற்காகவே சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னர், 'ஆர்மி மோட்டார்ஸ்' இதழில் ஜோ டோப் என்ற அசட்டைப் பேர்வழியை வரைந்தார். 1951இல் தொடங்கிய பி.எஸ். என்ற ராணுவப் பராமரிப்பு மாத இதழுக்கும் அவர்தான் இருபது வருடம் படம் வரைந்தார். எண்ணெய் மாற்றச் சொல்வதற்கு ஒரு பெரிய கலைஞரை இவ்வளவு காலம் ஒரு ராணுவம் உட்காரவைத்தது என்றால், அந்த வேலையை அது எந்த இடத்தில் வைத்திருந்தது என்று புரியும்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்பதை அந்தக் காலத்து எண்ணெயும் ஃபில்டரும் விளக்குகின்றன. இன்றைய வண்டியில் பம்ப் தள்ளுகிற எண்ணெய் முழுவதும் ஃபில்டர் வழியாகத்தான் பேரிங்குக்குப் போகிறது. அன்றைய ஜீப்பில் ஒரு பகுதி எண்ணெய் மட்டுமே ஃபில்டருக்குள் போய்த் திரும்பும். மிச்சம் அப்படியே சுற்றும். அந்த நாளைய சாதாரண எண்ணெயில் கசடைக் கரைத்துத் தாங்கிப்பிடிக்கிற சேர்மானமும் கிடையாது. கரி, தூசி, எரியாத பெட்ரோல், ஈரம் எல்லாம் எண்ணெய்த் தொட்டியான சம்ப்பின் அடியில் சேறாகப் படியும். அதை வெளியேற்ற ஒரே வழி, இன்ஜின் சூடாக இருக்கும்போதே டிரெயின் நட்டைக் கழற்றி வடிப்பது. ஏர் கிளீனரும் எண்ணெயை நம்பியதுதான்: உள்ளே வருகிற காற்று ஒரு கிண்ணத்திலுள்ள எண்ணெய்மேல் பட்டுத் திரும்பும்போது புழுதி எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கிண்ணத்தைக் கழற்றி, சேற்றை வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றாவிட்டால் புழுதி நேராக சிலிண்டருக்குப் போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும்.

இன்ஜினுக்குக் கீழே போனால் வேலை இன்னும் விரிகிறது. கியர் பாக்ஸுக்கு ஒரு நட்டு, அதை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஒரு நட்டு, ஆக்ஸில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான கிரவுனுக்கு முன்னும் பின்னும் தனித்தனி. கிரவுனில் ஆயில் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. பக்கவாட்டிலுள்ள நட்டைக் கழற்றி, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கவேண்டும். ஓட்டையின் கீழ் விளிம்புவரை எண்ணெய் இருந்தால் சரி. விரலில் வருவது கறுப்பாக இருந்தால் பழையது, பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, மினுமினுவென்று துகள் தெரிந்தால் பல் தேய்கிறது. மெக்கானிக்குக்கு இந்த ஒரு விரல் போதும். முன்சக்கரத்தைத் திருப்புகிற உருண்டை மூட்டுக்குள் தனியாக கிரீஸ். ஓடையில் இறங்கி ஏறினால் அதன் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்த்தே தீரவேண்டும். ஸ்பிரிங் பட்டை கோக்கிற ஷேக்கிள், ஸ்டியரிங் கம்பிகளின் முனை, புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ் என்று ஒவ்வொன்றிலும் நிப்பிள்; நிப்பிளைத் துடைத்து, கிரீஸ் கன்னை அழுத்தி, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து புதுசு எட்டிப்பார்க்கும்வரை அடிக்கவேண்டும். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே; சின்ன மூடியைத் திறந்துதான் ஆயில் ஊற்றமுடியும். இத்தனைக்கும் ஜாக்கியோ குழியோ தேவையில்லை. வண்டி உயரமானது, ஆள் அப்படியே உள்ளே நுழைந்துவிடலாம். நாலைந்து ஸ்பேனர் போதும். அடிக்கடி பார்த்தால்தான் நிற்கும் என்று தெரிந்தே, அடிக்கடி பார்ப்பதற்கு வசதியாக வரைந்திருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு வந்தது வண்டி மட்டுமல்ல, இந்த ஒழுங்கும்தான். பிரிட்டிஷ் ராணுவம் 1942இல் மின், இயந்திரப் பராமரிப்புக்கெனத் தனிப் படைப்பிரிவை அமைத்தது. அதைப் பின்பற்றி 1943 அக்டோபர் 15 அன்று இந்திய ராணுவத்திலும் அப்படியொரு பிரிவு உண்டானது, இன்று ஈ.எம்.ஈ. என்று சொல்வது அதைத்தான். பர்மாப் போர்முனைக்காக வந்த ஜீப்புகள் போர் முடிந்தபின் டிஸ்போசலில் ஏலம் போயின. ராணுவப் பட்டறையில் கை பழகியவர்களும் ஊர் திரும்பினார்கள். வண்டியும் அதைத் தெரிந்த ஆளும் ஒரே காலத்தில் சந்தைக்கு வந்தது பெரிய அதிர்ஷ்டம். 1947 முதல் மகிந்திரா கம்பெனி, அப்போது அது மகிந்திரா அண்ட் முகம்மது, வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் கோக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன சி.ஜே. 3பி மாடலின் வாரிசுகள் இந்தியாவில் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் வந்துகொண்டிருந்தன.

இரும்பின் பெருமை பேசுகிறவர்கள் மறந்துவிடுகிற ஒரு சம்பவம் இந்தக் காலத்தில்தான் நடந்தது. 1948இல் லண்டனில் இந்திய உயர் ஆணையராக இருந்த வி.கே. கிருஷ்ணமேனன், ராணுவத்துக்கு ஜீப்புகள் வாங்க 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார். வந்து சேர்ந்தவை 155 ஜீப்புகள்; ஓட்டத் தகுதியில்லை என்று ராணுவம் அவற்றை ஒதுக்கியது. நாடாளுமன்றத்தில் பெரிய புயல் கிளம்பியது. 1955இல் அரசு விவகாரத்தை முடித்துக்கொண்டது. அதில் நடந்தது முறைகேடா இல்லையா என்ற வாதம் இருக்கட்டும். நமக்கு வேண்டிய செய்தி வேறு. ஜீப் என்ற பெயரும் அதே காலத்து இரும்பும் அந்த 155 வண்டிகளுக்கும் இருந்தன. போர் முடிந்து மூன்றே வருடத்தில் அவை உதவாமல் போயின. அதே சமயத்தில் இந்திய ராணுவத்தில் அதே வகை ஜீப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. இரும்புதான் காரணம் என்றால் இந்த வித்தியாசத்தை எப்படி விளக்குவது?

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ஜீப்பை முதலில் பார்த்தது அரசு வண்டியாகத்தான். 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின் வட்டார அலுவலரின் அடையாளமே ஜீப் என்றானது. யுனிசெஃப் கொடுத்த வண்டிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தன. இந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்ள, தனக்கென்று பணிமனைகளோடு ஒரு சுகாதாரப் போக்குவரத்துத் துறையையே தமிழ்நாடு உருவாக்கிக்கொண்டது. வண்டி கெட்டபின் செலவு செய்யாமல், கெடுமுன்னரே தேதி பார்த்துப் பட்டறைக்கு அழைப்பது அதன் வேலை. அரசு ஜீப்பின் டிரைவரிடம் இருந்த லாக் புக், கிளம்பிய இடம், போன இடம், ஓடிய தூரம், போட்ட எரிபொருள், மாற்றிய ஆயில் எல்லாவற்றையும் கேட்டது. அந்தப் புத்தகத்தைத் தணிக்கைக்குப் பயந்து நிரப்பியவர்களும் உண்டு, அக்கறையோடு நிரப்பியவர்களும் உண்டு. எப்படி நிரப்பினாலும், எண்ணெய் மாற்றுவது ஒருவரின் நினைவை நம்பிய காரியமாக இல்லாமல் எழுத்தில் இருக்கிற கடமையாக ஆனது. அட்டவணை போட்ட அமெரிக்க அதிகாரி விரும்பியதும் இதைத்தான்.

தனியார் ஜீப்பில் எழுத்து குறைந்து, பழக்கம் கூடியது. போடியிலும் கம்பத்திலும் விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு மேட்டில் ஏறுகிற ஜீப்புகளின் டிரைவர்களில் யாரும் அந்த அமெரிக்கக் கையேட்டைப் படித்திருக்கப்போவதில்லை. ஆனால் அதிலுள்ள விதியை அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். முழு லோடோடு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறி, இன்ஜின் பிடிப்பில் இறங்குகிற வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. ஓடிய மணி நேரத்தையும் ஏறிய மலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஆயிலை முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறுகிற பாறைப் பாதையில் ஓடுகிற ஜீப்புக்குப் பட்டையும் ஷேக்கிளும் தினப்படி கவலை. பெட்ரோல் போய் டீசல் வந்தபோது, அதுவும் பீஜோ கம்பெனியின் 2,112 சி.சி. இன்ஜின் வந்தபோது, எண்ணெய் இன்னும் வேகமாகக் கறுத்தது. பட்டறைகளும் அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொண்டன. வண்டி நின்றால் அன்றைய கூலி போயிற்று என்ற நிலையில் இருக்கிறவருக்கு, நாலைந்து லிட்டர் ஆயிலின் விலை பெரிதாகத் தெரியாது.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஜீப்பை வாழவைத்தது எண்ணெய் மாற்றியதல்ல, எதையும் எதிலும் பொருத்திவிடுகிற நம் ஊர் மெக்கானிக்கின் சாமர்த்தியமும் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைத்த உதிரிபாகங்களும்தான் என்பார்கள். சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். டிராக்டர் இன்ஜினை ஜீப்பில் இறக்கி ஓட்டிய ஊர் நம்முடையது. ஆனால் அந்த மாற்றத்தையே கவனியுங்கள். இன்ஜினை மாற்றலாம், பாடியைப் புதிதாக அடிக்கலாம், பிரேக் லைனிங் எங்கும் கிடைக்கும். எண்ணெய் வற்றிய கிரவுனில் பல் உடைந்து, துண்டு சிக்கி, ஹவுசிங்கே விரிசல் விட்டால், அதன்பின் சாமர்த்தியத்துக்கு வேலை இல்லை. பழைய இரும்புக் கடைதான். புதுப்பேட்டையில் ஒரு நல்ல டிரான்ஸ்ஃபர் கேஸ் கிடைக்கிறது என்றால், அதை முன்பு வைத்திருந்தவர் ஆயில் மாற்றியிருக்கிறார் என்று பொருள். பராமரிப்பு எங்கோ நடந்திருந்தால்தான் பழைய பாகம் விற்கிற சந்தையே இருக்கமுடியும்.

இன்னொரு மறுப்பு இன்னும் கூர்மையானது. இன்று ஓடுகிற ஜீப்புகளை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறோம். உடைந்து போனவை கண்ணுக்குத் தெரிவதில்லை. மிஞ்சியவை தற்செயலாக மிஞ்சியவையாக இருக்கலாமே? சரியான கேள்வி. மிஞ்சியதை வைத்து ஆலையின் தரத்தைப் புகழ்வது தவறு என்றுதான் நானும் சொல்கிறேன். தற்செயல் என்றால் மிஞ்சியவை எல்லா வகை உரிமையாளரிடமும் சிதறிக் கிடக்கவேண்டும். அப்படி இல்லை. மலைத்தோட்டம், ஆள் ஏற்றும் தொழில், ராணுவப் பிரிவு, தினமும் வண்டியை நம்புகிறவர் என்று, யாரிடம் அடிக்கடி கைபடுமோ அங்கேதான் ஜீப்புகள் தொடர்ந்து ஓடின. மைலேஜ் குறைவாகவே ஓடி, அலுவலக வளாகத்து வேப்பமரத்தடியில் நின்று, கண்டம் செய்து ஏலத்துக்குப் போன ஜீப்புகளையும் நாம் பார்த்திருக்கிறோம். குறைவாக உழைத்த வண்டி முதலில் செத்தது ஏன்? நின்ற வண்டியின் ரேடியேட்டர் துருப்பிடிக்கிறது, பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வீல் சிலிண்டரை அரிக்கிறது, சீல் காய்ந்து வெடிக்கிறது. ஓடாத வண்டிக்கும் ஆயில் மாற்றவேண்டும் என்பதைத் தூரத்தை மட்டும் வைத்து ஆயில் கணக்குப் போட்ட லாக் புக்குகள் கவனிக்கத் தவறின. அந்த முறையில் நான் காண்கிற உண்மையான ஓட்டை இது.

இப்போதைய வண்டிகள் 10,000, 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சர்வீஸ் போதும் என்கின்றன. அப்படியானால் ஜீப்புக்கு வேண்டியிருந்த இத்தனை கவனிப்பு அதன் குறைதானே என்றும் கேட்கலாம். குறைதான். நிப்பிள் இல்லாத சீல் வைத்த மூட்டுகள், முழு எண்ணெயையும் வடிகட்டுகிற ஃபில்டர், கசடைத் தாங்குகிற ஆயில் எல்லாம் மனித உழைப்பை மிச்சப்படுத்திய நல்ல முன்னேற்றங்கள். ஆனால் நல்ல எண்ணெய் என்றால் எல்லா வண்டிக்கும் நல்லது என்று பொருளல்ல. ஜி.எல். 5 தரத்துக் கியர் ஆயிலில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மானங்கள் பழைய கியர் பாக்ஸின் வெண்கல வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஜி.எல். 4 கேட்டு வாங்குகிறார்கள். விலை கூடியதையே ஊற்றுகிற இன்றைய பழக்கத்தைவிட, வண்டிக்கு எது பொருந்தும் என்று தெரிந்து ஊற்றுகிற பட்டறைக்காரரின் அறிவு மேலானது. அந்த அறிவு ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைவழியாகத்தான் போகிறது.

எனக்கு வருத்தம் தருகிற பகுதி, வடித்த எண்ணெய் எங்கே போனது என்பது. அட்டவணை போட்டவர்கள் எதை ஊற்றவேண்டும் என்பதில் காட்டிய அக்கறையை, வடிப்பதை என்ன செய்வது என்பதில் யாரும் காட்டவில்லை. சென்ட்ரிங் பலகையில் தடவினார்கள், பட்டையின் அடியில் துரு பிடிக்காமலிருக்க அடித்தார்கள், மிச்சத்தைப் பட்டறை மண்ணிலேயே கொட்டினார்கள். பழைய பட்டறைகள் இருந்த இடங்களில் மண் கறுத்துக் கெட்டிப்பட்டிருப்பது அதனால்தான். 2016ஆம் ஆண்டின் விதிகள் பயன்படுத்திய எண்ணெயைக் கேடுள்ள கழிவு என்று தெளிவாகவே சொல்கின்றன. அனுமதி பெற்றவர்களிடம்தான் கொடுக்கவேண்டும். அடிக்கடி மாற்றியதால் ஆயுள் கூடியது என்று வாதிடுகிற நான், அடிக்கடி மாற்றியதால் மண்ணும் கெட்டது என்பதை மறைக்கமுடியாது. ஒரு வண்டியைச் செய்யச் செலவாகிற இரும்பையும் எரிபொருளையும் எதிரே வைத்துப் பார்த்தால், இருக்கிற வண்டியைக் காப்பது இன்னும் லாபம்தான் என்று நினைக்கிறேன். வடித்த எண்ணெய் டப்பாவில் சேர்ந்து சுத்திகரிப்புக்குப் போனால் மட்டும்.

2023 ஏப்ரல் 1 முதல், 15 வயது கடந்த அரசு வண்டிகளின் பதிவு நீட்டிக்கப்படுவதில்லை. ராணுவத்துக்கும் சட்டம் ஒழுங்குக்குமான சில சிறப்பு வண்டிகளுக்குத்தான் விலக்கு. புகை, பிரேக், விபத்தில் உள்ளே இருப்பவரின் பாதுகாப்பு ஆகியவற்றை நினைத்தால் இந்த விதியை எதிர்க்க முடியவில்லை. எவ்வளவு ஆயில் மாற்றினாலும் பழைய ஜீப்புக்கு ஏர் பேக் வராது. ஆனால் வண்டிகளோடு அவற்றின் லாக் புக்குகளும் ஹிஸ்டரி ஷீட்டுகளும் கழிவுக் காகிதமாகிப் போகின்றன. எந்த வட்டாரத்தில், எந்தச் சாலையில், எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்றினார்கள், எது முதலில் தேய்ந்தது என்று ஐம்பது, அறுபது வருடத்துக் கைப்பதிவு அவற்றில் இருக்கிறது. மாவட்டத்துக்குப் பத்து வண்டிகளின் புத்தகங்களையாவது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் கேட்டு வாங்கிவைக்கவேண்டும். பராமரிப்பு எங்கே நடந்தது, எங்கே காகிதத்தில் மட்டும் நடந்தது என்பதை, ஒரே கையெழுத்தில் ஒரே மையில் ஒரு வருடத்தை மொத்தமாக நிரப்பிய பக்கங்களும், ஆயில் கறையோடு தேதிக்குத் தேதி மை மாறிய பக்கங்களும் வேறு எந்த அறிக்கையைவிடவும் தெளிவாகக் காட்டும்.